பள்ளிச்சந்தமும் வக்பும்

பள்ளி என்ற சொல்லிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று படுகிறது. நம் பிள்ளைகள் படிக்கிற இடம் பள்ளி. முஸ்லிம் அன்பர்கள் தொழுகிற இடம் பள்ளிவாசல். ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய தமிழ்க் கல்வெட்டுகளில் பள்ளி என்றால் பெரும்பாலும் சமண, பௌத்தக் கோயிலும் அதைச் சேர்ந்த முனிவர் உறைவிடமுமே ஆகும். அந்தப் பள்ளிகளுக்கு வரி நீக்கி விடப்பட்ட நிலத்துக்குப் 'பள்ளிச்சந்தம்' என்று பெயர். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்து, சிவாஜிநகரில் பாத்திரக்கடை நடத்துகிற எனக்கு அது பாட்டன் வீட்டுச் சொல். இடையில் ஒரு குறிப்பு: நம் சிவாஜிநகரின் பழைய பெயரான பிளாக்பள்ளியில் உள்ள பள்ளி வேறு. அது ஊர் என்று பொருள்படும் ஹள்ளி. வெள்ளையரிசி விளைந்த ஊர் என்பதால் 'பிளி அக்கி ஹள்ளி' என்று இருந்து, ஆங்கிலேயர் வாயில் பிளாக்பள்ளி ஆயிற்று என்பார்கள். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பள்ளி என்ற சொல் சமணரிடமிருந்து முஸ்லிம்களுக்கு எப்போது போயிற்று? பெருமாள் கோயிலால் பேர்பெற்ற திருப்புல்லாணியில் 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. பவுத்திரமாணிக்கப் பட்டினத்தின் கீழ்ப்புறத்தில் சோனகர், அதாவது அராபிய வழி முஸ்லிம்கள், கட்டியிருந்த 'பிழார் பள்ளி'க்கு அரசன் வரி நீக்கிக் கொடை விட்டதை அது சொல்லுகிறது. ஆக எழுநூறு ஆண்டுக்கு முன்பே நம் ஊர் அரசனுக்கு இது புதிய விஷயமாக இருக்கவில்லை. சமணப் பள்ளிக்கு எந்த முறையில் நிலம் விடுவார்களோ, ஏறத்தாழ அதே முறையில் சோனகப் பள்ளிக்கும் விட்டார்கள். மதுரை கோரிப்பாளையம் தர்காவில் 1573-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. பாண்டியர் காலத்தில் விடப்பட்ட பழைய நிலக்கொடை செல்லும் என்று வீரப்ப நாயக்கர் ஆட்சியில் மறுபடி உறுதி செய்ததை அது கூறுகிறது. ஆட்சி மாறும், ஆனால் தருமத்துக்கு எழுதியது மாறக்கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

அந்த எண்ணத்துக்கு இஸ்லாத்தில் உள்ள பெயர்தான் வக்பு. இப்போது பேப்பரைத் திறந்தாலே வக்பு என்ற சொல் கண்ணில் படுகிறது. ஆனால் அது என்ன, எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது. தெரியாமலே சண்டை மட்டும் போடுகிறோம். எங்கள் கடை இருக்கும் கட்டடமே ஒரு பள்ளிவாசலின் வக்புச் சொத்து. என் தகப்பனார் 1958-இல் அங்கே கடை போட்டார். ஆகவே குடக்கூலிக்காரன் என்ற முறையிலும் எனக்கு இதில் அக்கறை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வக்பு என்ற அரபுச் சொல்லுக்கு நிறுத்துதல், தடுத்து வைத்தல் என்று பொருள். நபிகள் நாயகத்தின் தோழரும் பின்னாளில் கலீபாவுமான உமர் அவர்களுக்குக் கைபர் என்ற இடத்தில் நல்ல நிலம் கிடைத்தது. அதை என்ன செய்யலாம் என்று நபிகளிடம் யோசனை கேட்டார். மூலத்தை நிறுத்தி வைத்துவிட்டு, அதன் விளைச்சலைத் தருமம் செய்யலாம் என்பது அவருக்குக் கிடைத்த வழி. அதன்படி அந்த நிலத்தை விற்பதில்லை, தானமாகக் கொடுப்பதில்லை, வாரிசுக்குப் போவதில்லை என்று வைத்து, பலனை ஏழைகள், உறவினர், வழிப்போக்கர் முதலியோருக்கு என்று ஏற்படுத்தினார். இஸ்லாமிய நீதி நூலார் வக்புக்குக் காட்டும் முதன்மையான முன்மாதிரி இதுதான். ஏழாம் நூற்றாண்டு நிகழ்ச்சி.

இதைப் படித்தபோது எனக்கு உடனே நம் சோழர் கல்வெட்டு ஞாபகம் வந்தது. கோயிலில் நந்தா விளக்கு எரிக்க ஆடு கொடுப்பார்கள். பெரும்பாலும் தொண்ணூறு, அல்லது தொண்ணூற்றாறு. அந்த ஆட்டுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகாதா, கிழடாகாதா? ஆகும். ஆனால் இடையன் குட்டியை விட்டு மந்தையின் எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருக்க வேண்டும், நாள்தோறும் நெய் மட்டும் அளக்க வேண்டும். மந்தைதான் மூலம், நெய்தான் பலன். அரேபியப் பாலைவனத்தில் பேரீச்சந் தோப்பை வைத்துச் சொன்னதை நம் ஆட்கள் ஆட்டை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது என்று நான் சொல்ல வரவில்லை. கையில் நாலு காசு சேர்ந்த மனிதனுக்கு, தான் செத்த பிறகும் தன் தருமம் நடக்க வேண்டும் என்ற ஆசை எல்லா நாட்டிலும் உண்டு. அதற்கு வழியும் இது ஒன்றுதான்.

வக்பை ஏற்படுத்துகிறவர் வாகிப். அதை நடத்துகிறவர் முத்தவல்லி. சொத்து ஒருமுறை வக்பு ஆனால் அது இறைவனுக்கு உரியது. வாகிபே நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது. முத்தவல்லி காவல்காரர், சொந்தக்காரர் அல்ல. வாகிப் எழுதிவைத்த நிபந்தனையை அவர் மீறக்கூடாது. இவ்வளவுதான் எலும்புக்கூடு. இதன்மேல் போர்த்திய சதை இருக்கிறதே, அதுதான் சுவையானது.

பள்ளிவாசலுக்கு மட்டும்தான் வக்பு என்று நினைப்பது தவறு. மொராக்கோக்காரரான இப்னு பதூதா 1326-இல் டமாஸ்கஸ் நகரத்துக்குப் போனார். அங்கே ஏழைப் பெண்களின் கலியாணத்துக்கு ஒரு வக்பு, எதிரியிடம் சிறைப்பட்டவர்களை மீட்க ஒரு வக்பு, தெருவுக்குக் கல் பாவ ஒரு வக்பு என்று இருந்ததைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். ஒருநாள் ஓர் அடிமைச் சிறுவன் சீனத்துப் பீங்கான் தட்டு ஒன்றைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, எஜமான் அடிப்பாரே என்று நடுங்கி நின்றான். கூட்டத்தில் ஒருவர், உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திர வக்பின் காரியஸ்தரிடம் போ என்றார். அவர் துண்டுகளைப் பார்த்துவிட்டு, வேறு தட்டு வாங்கப் பணம் கொடுத்தாராம். உடைந்த பாத்திரத்துக்கு ஒரு தருமம்! நாற்பது வருஷத்துக்கு மேல் பாத்திரம் விற்றவன் நான். எத்தனையோ வேலைக்காரப் பையன்கள் நசுங்கிய குடத்தைத் தூக்கிக்கொண்டு கண்ணீரோடு கடை வாசலில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். இதே இப்னு பதூதா பிற்பாடு நம் மதுரைக்கும் வந்து, அங்கே அப்போது ஆண்ட சுல்தானின் அவையில் இருந்தவர் என்பது பலருக்குத் தெரிந்ததே.

கெய்ரோவில் கலாவூன் என்ற மம்லூக் சுல்தான் 1284-இல் பெரிய மருத்துவமனை கட்டினார். ஆண், பெண், ஏழை, பணக்காரர் என்று பாராமல் வைத்தியம். செலவுக்குக் கடைகளையும் நிலங்களையும் வக்பாக எழுதிவைத்தார். துருக்கியச் சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரம், 1552 வாக்கில் ஜெருசலத்தில் ஏழைகளுக்கும் யாத்திரிகருக்கும் சோறு போட ஓர் அன்னசாலை வைத்தார். பாலஸ்தீனத்துக் கிராமங்கள் பலவற்றின் வருவாய் அதற்கு. எங்கள் சமண நெறியில் தானம் நான்கு வகை: உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம். வக்பின் வரலாற்றைத் துருவினால் இந்த நான்கும் அங்கே அப்படியே இருக்கின்றன.

வியாபாரி என்பதால் பணத்தைப் பற்றி ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நிலத்தை நிறுத்தி வைக்கலாம், ரொக்கத்தை நிறுத்தி வைக்க முடியுமா? 16-ஆம் நூற்றாண்டுத் துருக்கியில் இது பெரிய வழக்காகவே நடந்தது. ரொக்கத்தை வக்பாக வைத்து, அதைக் கடனாகக் கொடுத்து, வருகிற லாபத்தில் தருமம் செய்யும் வழக்கம் அங்கே பரவிவிட்டது. இது வட்டிதானே, ஹராம் அல்லவா என்று பிர்கிவி போன்ற அறிஞர்கள் எதிர்த்தார்கள். ஊர் வழக்கமாகிவிட்டது, நிறுத்தினால் எத்தனையோ தருமம் நின்றுபோகும் என்று தலைமை முப்தியான எபுஸ்ஸுவூத் அதை அனுமதித்தார். நம் பக்கம் இந்தச் சங்கடமே இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி என்று வெட்டியே வைத்திருக்கிறார்கள். நூற்றுக்குப் பன்னிரண்டரை. போளூர்ப் பக்கம் திருமலையில் குந்தவை ஜினாலயத்துக்கு, நன்னப்பயன் என்ற வியாபாரியின் மனைவி சாமுண்டப்பை, ராஜேந்திர சோழன் காலத்தில் விளக்குக்கு 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் கொடுத்தாள். அந்த வைகாவூர் பள்ளிச்சந்தம் என்றே அந்தக் கல்வெட்டில் குறிக்கப்படுகிறது. எங்கள் சனங்கள் கலியாணத்துக்கு முன் திருமலைக்குப் போய்க் கும்பிட்டு வருவதுண்டு. அந்தச் சாமுண்டப்பையின் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

இனித் தமிழ்நாட்டு வக்புகளுக்கு வருகிறேன். நாகூர் தர்காவின் பெரிய மனாராவை, 131 அடி உயரம், கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். அவருக்குப் பின்வந்த துளஜா நிலக்கொடை விட்டார். திருச்சி நத்தர் வலி தர்காவுக்கு மதுரை நாயக்கர்களின் கொடை உண்டு. சைவ, வைணவ அரசர்கள் முஸ்லிம் தருமத்துக்குச் சொத்து எழுதியது தமிழ்நாட்டில் அபூர்வம் அல்ல. முஸ்லிம் வியாபாரிகள் பொதுவுக்கு எழுதியதும் நிறைய. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் எதிரே சித்தீக் சராய் என்ற சத்திரத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அது மேல்விஷாரம் தோல் வியாபாரி நவாப் சி. அப்துல் ஹக்கீம் வைத்த தருமம்.

வெள்ளைக்காரன் காலத்தில் இது கோர்ட்டு விவகாரமாயிற்று. 1817-இல் சென்னை அரசாங்கம் ஒரு ரெகுலேஷன் போட்டு, கோயில், மசூதி மானியங்கள் எல்லாவற்றையும் ரெவின்யூ போர்டின் பார்வைக்குக் கொண்டுவந்தது. கிறிஸ்தவ அரசு விக்கிரக ஆராதனைக்குக் காவல் நிற்பதா என்று பாதிரிமார் சத்தம் போட்டபிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கையைக் கழுவிக்கொண்டு, 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கமிட்டிகளிடம் ஒப்படைத்துவிட்டது. காவல் தளர்ந்த இடத்தில் சொத்தும் தளர்ந்தது. கோயிலானாலும் மசூதியானாலும் எங்கள் ஜினாலயமானாலும் இதே கதைதான்.

1894-இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு வங்காள வழக்கில், பலனை முதலில் தன் சந்ததிக்கு வைத்து, வம்சம் அற்றால்தான் ஏழைக்கு என்று எழுதும் குடும்ப வக்பு செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஏழைக்குப் போவது வெறும் கண்துடைப்பு என்பது நீதிபதிகளின் எண்ணம். முஸ்லிம்களுக்கோ, உறவுக்கு உதவுவதும் தருமம்தான். மௌலானா ஷிப்லி நுஃமானி போன்றோர் கிளர்ச்சி செய்தார்கள். ஜின்னா சட்டசபையில் மசோதா கொண்டுவந்து 1913-இல் அதைச் சட்டமாக்கினார். இதில் என் அபிப்பிராயம் கொஞ்சம் இரண்டும் கெட்டான். நீதிபதிகள் இஸ்லாமிய நெறியைப் புரிந்துகொள்ளவில்லை என்பது உண்மை. ஆனால் கடன்காரனிடமிருந்து சொத்தை ஒளிக்கக் குடும்ப வக்பு எழுதினவர்களும் இருந்தார்கள் என்பதும் உண்மை. எகிப்தில் 1952-இல் குடும்ப வக்பை அடியோடு ஒழித்தே விட்டார்கள்.

நம் பெங்களூருக்கு வருவோம். 1809-இல் கன்டோன்மென்ட் அமைந்தபோது மெட்ராஸ் ராணுவத்தோடு தமிழர்கள் வந்தார்கள். பின்னாலேயே வியாபாரிகளும் வந்தார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், விஷாரத்துத் தமிழ் முஸ்லிம்கள், கட்ச் நாட்டு மேமன்கள், பாரசீகக் குதிரை வியாபாரிகள் எல்லாரும் இந்த ஒன்றிரண்டு மைல் வட்டாரத்தில்தான் குடியேறினார்கள். ஷீராஸ் நகரத்திலிருந்து ஆகா அலி அஸ்கர் என்பவர் 1824-இல் பதினாறு வயதில் குதிரைகளோடு வந்து, குதிரை விற்றுச் சம்பாதித்து, கன்டோன்மென்டில் பங்களா பங்களாவாகக் கட்டினார். மைசூர் திவான் சர் மிர்சா இஸ்மாயில் அவருடைய பேரன். அலி அஸ்கர் ரோடு இன்றும் இருக்கிறது, அவர் பெயரில் வக்பும் உண்டு.

இன்னொருவர் ஹாஜி சர் இஸ்மாயில் சேட். கட்ச் மேமன் வணிகர். பிரேசர் டவுனில் மாஸ்க் ரோடு என்ற பெயரே அவர் கட்டிய பள்ளிவாசலால் வந்தது. சிவாஜிநகரில் கோஷா ஆஸ்பத்திரி அவர் கொடை. கோஷா என்றால் திரைக்குள் இருத்தல். ஆண் வைத்தியரிடம் போகாத பெண்கள் பிரசவத்தில் செத்துக்கொண்டிருந்த காலத்தில், பெண்களுக்கென்றே ஏற்பட்ட மருத்துவமனை அது. இன்று அரசு மருத்துவமனையாக நடக்கிறது. பெயர் மட்டும் ஹாஜி சர் இஸ்மாயில் சேட் கோஷா ஆஸ்பத்திரி என்றே நிற்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் பர்தா போட்டவர், நெற்றியில் குங்குமம் வைத்தவர், கழுத்தில் சிலுவை போட்டவர் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். இந்த மலரைப் படிக்கிற குடும்பங்களில் அங்கே பிறந்தவர்கள் கட்டாயம் இருப்பார்கள். என் இரண்டாவது மகள் அங்கே பிறந்தவள்தான்.

கொடுத்தவர் கதை இனிக்கும். காத்தவர் கதைக்கு வந்தால் அவ்வளவு இனிப்பில்லை. 2006-இல் வந்த சச்சார் குழு அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. நாட்டில் பதிவான வக்புகள் 4 லட்சத்து 90 ஆயிரம். நிலம் சுமார் 6 லட்சம் ஏக்கர். ஏட்டு மதிப்பு 6,000 கோடி, சந்தை மதிப்பு 1 லட்சத்து 20 ஆயிரம் கோடி. ஆண்டு வருமானம் எவ்வளவு தெரியுமா? 163 கோடி. சந்தை மதிப்பில் நூறு ரூபாய்க்குப் பதினான்கு பைசா கூட இல்லை. பத்து சதவீதம் வந்தாலே 12,000 கோடி வரும் என்று குழு கணக்குப் போட்டது. அந்தப் பணத்தில் எத்தனை கோஷா ஆஸ்பத்திரி கட்டலாம்! கர்நாடகத்தில் 2012-இல் சிறுபான்மையினர் ஆணையம் கொடுத்த அறிக்கை, மாநிலத்து வக்பு நிலத்தில் சுமார் பாதி முறைகேடாகப் போய்விட்டதாகக் கூறியது. அதைப் பற்றி அரசியல் கட்சிகள் இன்னும் மல்லுக்கு நிற்கின்றன. நான் அதற்குள் போகவில்லை.

எப்படிப் போகிறது என்பதை ஒரு கடைக்காரன் சொன்னால் நம்புவீர்கள். வெளியே இருந்து யாரும் வந்து பிடுங்குவதில்லை. வாடகையில்தான் போகிறது. எங்கோ 1970-இல் நூறு ரூபாய் என்று பேசிய கடை. குடியிருப்பவர் அதை இன்னொருவருக்குப் பகடி வாங்கிக்கொண்டு கைமாற்றுவார். உள்வாடகை முப்பதாயிரம். பள்ளிவாசலுக்குப் போவது அதே நூறோ, ஐந்நூறோ. முத்தவல்லி கேட்டால் கோர்ட்டு. சில இடங்களில் முத்தவல்லியே கூட்டாளி. குடக்கூலிக்காரர்களில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், எங்களவர் எல்லாரும் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம்மிடம் மத வேற்றுமையே கிடையாது. எங்கள் கடைப் பக்கத்தில் கம்பளி வியாபாரம் செய்த வாணியம்பாடி பாய் ஒருவர் என் தகப்பனாரிடம் சொல்வாராம்: "நைனாரே, வூட்டுக்காரனுக்கு வாடகை பாக்கி வச்சா அவன் வந்து கத்துவான். அல்லா வந்து கத்த மாட்டான், அதனாலதான் பயம்." தகப்பனார் கடைசிவரை முதல் தேதி தவறியதில்லை. வாடகை உயர்த்திப் பேச வந்தால் காபி வாங்கிக்கொடுத்துப் பேசி முடிப்பார்.

முறையாக நடத்தினால் முடியும் என்பதற்குச் சிங்கப்பூரைக் காட்டலாம். அங்கே சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளி, தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா எல்லாம் 1820-களில் சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் ஏற்படுத்தியவை. அந்நாட்டு முஸ்லிம் மன்றம், பென்கூலன் தெருவில் பழைய பள்ளிவாசல் இருந்த வக்பு மனையில், புதுப் பள்ளிவாசலோடு கடைகளும் வாடகைக் குடியிருப்புகளும் சேர்த்துக் கட்டியது. மூலம் கை மாறவில்லை, பலன் பெருகிற்று. வாகிப் எழுதின சொல்லை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டு, இடிந்த கட்டடத்தை இடிந்தபடியே வைத்திருப்பதுதான் பக்தி என்று நினைப்பவர்களுக்கு இதை நான் சொல்வதுண்டு. வக்பு முறையின் பெரிய பலவீனமே இந்த இறுக்கம்தான் என்று பொருளாதார அறிஞர் திமூர் குரான் எழுதியிருக்கிறார். அதில் எனக்கு முக்கால்வாசி சம்மதம்.

மறுபக்கமும் இருக்கிறது. 2022-இல் திருச்சி அருகே திருச்செந்துறையில், சோழர் காலக் கோயில் உள்ள ஊர், நிலத்தை விற்கப் பதிவு அலுவலகம் போனவரிடம் வக்பு வாரியத்தின் தடையில்லாச் சான்று வாங்கிவா என்றார்கள். ஊர்க்காரர்களுக்குத் தலையில் இடி விழுந்தாற்போல ஆயிற்று. 2024-இல் விஜயபுர மாவட்டத்து விவசாயிகளுக்கு நோட்டீஸ் போய், கிளர்ச்சி ஆகி, அரசு அவற்றைத் திரும்பப் பெற்றது. இதற்கு வேர் பழையது. இனாம் ஒழிப்புச் சட்டங்களாலும், 1974 மார்ச் 1 முதல் வந்த கர்நாடக நிலச் சீர்திருத்தத்தாலும் உழுதவனுக்கு நிலம் போயிற்று. வக்புப் பட்டியலிலோ பழைய கணக்கு அப்படியே கிடந்தது. ஒரே நிலத்துக்கு இரண்டு அரசாங்கக் காகிதம். ஐம்பது வருஷம் தூங்கிவிட்டு ஒருநாள் எழுந்து நோட்டீஸ் கொடுத்தால் விவசாயி என்ன செய்வான்? இதில் நான் விவசாயி பக்கம்தான்.

இந்தக் குழப்பத்தின் நடுவே 2025 ஏப்ரலில் வக்பு திருத்தச் சட்டம் வந்தது. வழக்காற்றினால் வக்பு ஆனது என்ற வகையை இனிமேல் ஏற்பதில்லை. ஏற்கெனவே பதிவானவை, தகராறோ அரசு நிலமோ இல்லாவிட்டால், நிற்கும். ஐந்து வருஷமாவது இஸ்லாத்தைக் கடைப்பிடித்தவர்தான் வக்பு எழுதலாம் என்று ஒரு நிபந்தனை. செப்டம்பர் 15-இல் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில், விதிகள் வரும்வரை அந்த ஐந்து வருஷ நிபந்தனையை நிறுத்திவைத்தது. அரசு அதிகாரியே சொத்துரிமையை முடிவு செய்யும் பகுதியையும் நிறுத்தியது. மத்திய கவுன்சிலில் 22 பேரில் 4 பேருக்கும், மாநில வாரியத்தில் 11 பேரில் 3 பேருக்கும் மேல் முஸ்லிம் அல்லாதவர் இருக்கக்கூடாது என்றது. பதிவு கட்டாயம் என்பதையும், வழக்காற்று வக்பு நீக்கத்தையும் நிறுத்தவில்லை.

பதிவு செய் என்பது நியாயமான பேச்சு. நம் முன்னோர் கல்லிலேயே பதிந்தவர்கள். ஆனால் இரண்டு விஷயம் எனக்கு உறுத்துகிறது. முஸ்லிம் அல்லாதவர் பள்ளிவாசல், ஈத்கா, கபரஸ்தான் முதலியவற்றுக்கு ஆதரவாகக் கொடுத்த சொத்தைப் பற்றி 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 104-ஆம் பிரிவு இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். வேறு வகை டிரஸ்டாகக் கொடுக்கலாமே என்று பதில் சொல்லலாம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். பிரதாபசிங் மனாரா கட்டின நாட்டில் அந்தப் பிரிவு இருந்தது எனக்குப் பெருமையாக இருந்தது, அவ்வளவுதான். இரண்டாவது, காலவரையறைச் சட்டம் இனி வக்புக்கும் பொருந்தும். பன்னிரண்டு வருஷம் ஆக்கிரமித்து உட்கார்ந்தவன், எனக்கே சொந்தம் என்று வாதாட வழி திறக்கிறது. தமிழ்நாட்டில் கோயில் சொத்துக்கு இதற்கு எதிரான பாதுகாப்பு அறநிலையச் சட்டத்திலேயே உண்டு. கோயிலுக்கு வேண்டியது பள்ளிவாசலுக்கு வேண்டாமா? எங்கள் சின்னச் சின்ன ஜினாலயங்களின் நிலமும் இப்படித்தான் போயிற்று. தென்னார்க்காடு, வடார்க்காடு ஜில்லாக்களில் கல்வெட்டில் பள்ளிச்சந்தம் என்று படிக்கிறோம். அந்தக் கல்லைச் சுற்றி இருக்கிற வயல் யார் பட்டாவில் இருக்கிறது என்று கேட்டால் பதில் வேறு. காகிதமில்லாமல் போன தருமம் எப்படி இருக்கும் என்று சமணனுக்குத் தெரிந்த அளவு மற்றவர்களுக்குத் தெரியாது.

2025 ஜூனில் மத்திய அரசு வக்புகளைப் பதிவேற்ற ஒரு வலைத்தளம் திறந்து ஆறு மாதக் கெடு வைத்தது. எங்கள் கட்டடத்துக் கமிட்டிக்காரர்கள் பழைய காகிதம் தேடி அலைந்தார்கள். மூலப் பத்திரம் கிடைத்தது, ஆனால் இடையில் எழுபது வருஷக் கணக்கு வெள்ளத்திலும் கரையானிலும் போயிருந்தது. காரியதரிசி, என்னைவிட இருபது வயது இளையவர், கடைக்கு வந்து, "நைனார் அண்ணே, உங்கப்பா காலத்து ரசீது ஏதாச்சும் இருக்குமா?" என்று கேட்டார். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் என் காதில், "கொடுக்காதீங்க, நாளைக்கு நமக்கே வினை" என்றார். அவர் சொன்னதன் அர்த்தம் எனக்குப் புரியாமல் இல்லை. கட்டடம் வக்பு என்பதற்குக் காகிதம் இல்லாவிட்டால் குடியிருப்பவனுக்குத்தானே லாபம்?

தகப்பனாரின் தகரப் பெட்டியில் 1958 முதல் ரசீதுகள் இருந்தன. தமிழிலும் உருதுவிலும் அச்சடித்தவை. தலைப்பில் பள்ளிவாசல் பெயர், கீழே வக்பு என்ற சொல், முத்தவல்லி கையெழுத்து. வருஷத்துக்கு ஒன்று வீதம் எடுத்து, கமர்ஷியல் தெரு மூலையில் நகல் எடுத்து, காரியதரிசியிடம் கொடுத்தேன். அசலைக் கேட்டார். அது பெட்டியிலேயே இருக்கட்டும், கோர்ட்டு கேட்டால் நானே எடுத்து வருகிறேன் என்றேன். போகும்போது, புது வாடகை பற்றி அடுத்த மாதம் உட்கார்ந்து பேசலாமா அண்ணே என்றார். பேசலாம், காபி எங்கள் செலவு என்று சொல்லியிருக்கிறேன்.